மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டக் கற்றுக்கொடுத்தவன்

1

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் கேள்விப்பட்டால் இன்னும் கேவலமாக இருக்கும். கட்டிய மனைவியோடு ஒழுங்காகக் குடித்தனம் நடத்தத் துப்பில்லாத ஒருவன், ஸ்லோவாக்கியாவில் ஒரு சமையலறையில் உட்கார்ந்துகொண்டு, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் ஆசிரியைகளுக்குப் பயிற்சி வகுப்பு எடுத்தான். விவாகரத்து ஆன பெற்றோரின் பிள்ளைகளை வகுப்பில் எப்படித் தாங்கிப் பிடிப்பது என்பதுதான் தலைப்பு. அந்த ஒருவன் நான். அந்தப் பள்ளியில் ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தவள் என் மகள் தர்ஷினி. படித்துக்கொண்டிருந்தவள் என்று எழுதும்படி ஆகிவிட்டதே, அதுதான் என் பயிற்சியின் பலன்.

இன்று காலை வேலையில் நடந்தது ஒன்றுமில்லாத விஷயம். கார்களுக்கு கியர்பாக்ஸ் செய்யும் தொழிற்சாலையில் நான் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் என் வேலை. ஒரு புதுப் பெண், தனக்குச் சந்தேகம் வந்த கியர்பாக்ஸின் மேல் மஞ்சள் ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டிவிட்டு, சரிதானே என்று என் முகத்தைப் பார்த்தாள். நான் சொல்லிக்கொடுத்தபடியே, மூலையில், சுருக்கம் விழாமல் ஒட்டியிருந்தாள். பாராட்டியிருக்க வேண்டும். நான் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். வயிற்றுக்கு என்ன என்று மதியம் எல்லோரும் விசாரித்தார்கள். சாம்பார்ப்பொடியின் மேல் பழியைப் போட்டேன். இந்த ஊரில் என் எல்லாப் பழிகளையும் அதுதான் சுமக்கிறது.

2

ஊர்க்காரர்களுக்கு என்னை ஞாபகப்படுத்துகிறேன். பென்னலூர் ஏழுமலை. ஒரகடத்தில் பல வருடம் ஷிப்ட் ஓட்டியவன். கல்யாண வீட்டில் மைக் கையில் கிடைத்தால் மண்டபக்காரர் வந்து பிடுங்கும்வரை விடாதவன். மகேஸ்வரியைப் பார்த்தது கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில். அவள் வேலை முடிந்து இறங்கும் நேரத்தில் நான் வேலைக்கு ஏறுவேன். அப்படி ஏறி இறங்கியே காதலித்தோம். கல்யாணத்துக்குப் பிறகும் அதே கதைதான். அவள் ஒரு ஷிப்ட், நான் ஒரு ஷிப்ட். வாசலில் சாவி மட்டும் கைமாறும். சண்டை போடக்கூட நாம் லீவு போட வேண்டும் போலிருக்கிறது என்று நான் ஜோக்கடிப்பேன். முதல் வருடம் சிரித்தாள். கடைசி வருடம் முகத்தைக்கூடத் திருப்பவில்லை. அப்புறம் இரண்டு பேரும் லீவு போட்டோம், கோர்ட்டுக்குப் போக.

அதற்குப் பிறகுதான் இங்கே வந்தேன். குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்க வெளிநாட்டவர் போலீஸ் அலுவலகத்துக்குப் போனால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் அம்மாள் ஒவ்வொரு முறையும் கேட்பார், கல்யாணம் ஆனவரா, ஆகாதவரா, வேறு ஏதாவதா என்று. நான் வேறு ஏதாவது. இந்த ஊர் மொழியில் நான் தடுமாறாமல் சொல்லும் முதல் வார்த்தை ‘விவாகரத்தானவன்’ என்பதுதான். ரொட்டிக்கும் பாலுக்கும் இன்னும் கையை நீட்டித்தான் காட்டுகிறேன். இங்கே பேச்சுவழக்கில் ‘நோ’ என்று இழுத்தால் ‘ஆமாம்’ என்று அர்த்தம். முதல் வருடம் அட்டை வந்துவிட்டதா என்று கேட்டேன். அந்த அம்மாள் ‘நோ’ என்றார். வணக்கம் போட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். அட்டை அவர் கைக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறது.

சம்மதமா மறுப்பா என்று தெரியாமல் திரும்பி வருவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைதோறும் வீடியோ காலில் தர்ஷினியோடு பேசலாம் என்று ஏற்பாடு. ஆரம்பத்தில் அவள் பல் விழுந்த இடத்தையெல்லாம் காட்டிப் பேசினாள். பிறகு கேமராவை மின்விசிறிப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் பேசினாள். போன வருடம் எல்லாம் ‘ம்’ என்று ஆகிவிட்டது. சாப்பிட்டியா என்றால் ம். பரீட்சை எப்படி என்றால் ம். அப்பா ஒரு ஜோக் சொல்லட்டுமா என்றால் மட்டும் அந்த ‘ம்’கூட வராது.

3

பள்ளியின் பெற்றோர் வாட்சப் குழுவில் இருந்து என்னை நீக்க யாருக்கும் தோன்றவில்லை. அதில்தான் தலைமை ஆசிரியை எஸ்தர் மேடம் ஒரு செய்தி போட்டிருந்தார். நம் பக்கத்து நிலவரம் உங்களுக்கே தெரியும். தெற்கிலிருந்து வேலைக்கு வந்து, ரூம் எடுத்துத் தங்கி, லைனில் பக்கத்துப் பக்கத்தில் நின்று காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டவர்களின் பிள்ளைகள் பாதிப் பேர். எங்களைப் போல உள்ளூரிலேயே விளைந்ததுகளின் பிள்ளைகள் மீதிப் பேர். அதில் பிரிந்துபோன குடும்பங்கள் கூடிக்கொண்டே போகின்றன, ஆசிரியைகளுக்கு எப்படி நடந்துகொள்வது என்று தெரியவில்லை, சொல்லித்தர யாராவது கிடைப்பார்களா என்று கேட்டிருந்தார். சென்னையிலிருந்து ஒரு மனநல ஆலோசகர் வருவதாக இருந்து, கடைசி நேரத்தில் அவ்வளவு தூரம் முடியாது என்று சொல்லிவிட்டாராம்.

அந்த ஆலோசகருக்கு ஒரகடம் தூரம். எனக்கு இங்கிருந்து பக்கம். கையைத் தூக்கினேன்.

தகுதி என்ன என்று எஸ்தர் மேடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இரண்டு சொல்லியிருப்பேன். ஒன்று, ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தே சம்பளம் வாங்குகிறேன். இரண்டு, விவாகரத்தில் நேரடி அனுபவம். உண்மையான காரணம் மூன்றாவது. மகளின் வீட்டு வாசலில் எனக்கு இடமில்லை. பள்ளிக்கூட வாசல் வழியாகவாவது அவளிடம் போய்விடலாம் என்று பார்த்தேன்.

ஒரு சனிக்கிழமை மதியம் அவர்களுக்கு, காலை எனக்கு. வெளியே பனி. நான் டை கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். புரொஜெக்டர் வெளிச்சத்தில் வகுப்பறைச் சுவரில் என் மூக்கு ஓர் ஆள் உயரத்துக்குத் தெரிந்ததாகப் பிற்பாடு சொன்னார்கள். ஆரம்பத்திலேயே, நானே குடும்பத்திலிருந்து ரிஜெக்ட் ஆன பீஸ்தான் என்று ஒரு போடு போட்டேன். டீச்சர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு போதும் எனக்கு. அதற்குப் பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை.

தர்ஷினியின் வகுப்பு ஆசிரியை ஆவுடையம்மாள், சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். அவர் எழுந்து ஒரு நல்ல கேள்வி கேட்டார். வகுப்பு டீச்சருக்குப் பிள்ளையின் வீட்டு நிலைமை தெரியும். விளையாட்டு வாத்தியாருக்கும் வேனில் வரும் ஆயாவுக்கும் எப்படித் தெரியும்? அவர்கள்தானே எல்லோர் முன்னாலும் ‘அப்பாவக் கூட்டிட்டு வா’ என்று சத்தம் போடுகிறார்கள்?

எனக்கு ஒரு நொடிகூட யோசனை தேவைப்படவில்லை. தொழிற்சாலையில் ஒரு பாகத்தின் மேல் சந்தேகம் வந்தால் நாங்கள் தூக்கி எறிய மாட்டோம், ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டுவோம் என்றேன். அடுத்தடுத்து அதைத் தொடுகிற எல்லோரும் பதமாகக் கையாளுவார்கள். அதுபோல, அடையாள அட்டையின் மூலையில் சின்னதாக ஒரு மஞ்சள் ஸ்மைலி. பெரியவர்களுக்கு மட்டும் விஷயம் தெரியும், பிள்ளைகளுக்கு அது வெறும் ஸ்மைலி. கைதட்டினார்கள். நானும் கைதட்டினேன், எனக்கே.

வகுப்பறை ஏழாம் வகுப்பினுடையது. யாரோ கேமராவை நகர்த்தியபோது பக்கத்துச் சுவரில் பிள்ளைகள் எழுதி ஒட்டிய தாள்கள் தெரிந்தன. அதில் ஒன்றில் ‘ஏ. தர்ஷினி’ என்று இருந்தது. கோர்ட்டில் வீடு, பீரோ, வண்டி எல்லாவற்றையும் பிரித்தோம். இன்ஷியலை மறந்துவிட்டோம். அடுத்து என்ன பேசினேன் என்று ஞாபகமில்லை. ஜோக்காகத்தான் இருக்கும்.

முடிந்ததும் டீச்சர்கள் என் பிம்பத்துக்குக் கீழே வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். எஸ்தர் மேடம் அதைப் பெற்றோர் குழுவில் போட்டார். நம் மாணவி தர்ஷினியின் தந்தை திரு. ஏழுமலை அவர்கள், வெளிநாட்டிலிருந்து, பிரிந்த பெற்றோரின் குழந்தைகள் குறித்து, தமது சொந்த அனுபவத்துடன். கீழே நான் கைகூப்பிய பொம்மை போட்டேன். தர்ஷினிக்கும் அனுப்பி, அப்பா எப்படி என்று கேட்டேன். பார்த்தாள் என்பதற்கு நீலக்கோடுகள் வந்தன. பதில் வரவில்லை.

4

அடுத்த வாரமே மகேஸ்வரி கூப்பிட்டாள். விவாகரத்துக்குப் பிறகு அவளாகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவள் எதிரில் இல்லாவிட்டாலும் எழுந்து நின்றுதான் எடுத்தேன்.

“இன்னா ஏழுமலை சார், டிரெய்னிங்லாம் குடுக்கிறீங்களாமே?”

மகேஸ்வரி சார் போட்டால் சுனாமி. நான் வாயைத் திறப்பதற்குள் அவளே தொடர்ந்தாள். திங்கட்கிழமை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள். அன்றைக்கு மதியத்துக்குள்ளேயே, எந்தெந்த அட்டையில் ஸ்மைலி இருக்கிறது, ஏன் இருக்கிறது என்று வகுப்பு முழுக்கக் கண்டுபிடித்துவிட்டது. வேன் ஆயா வேறு, பாவம் பார்த்து, ஸ்மைலிக்காரப் பிள்ளைகளுக்கு மட்டும் ஜன்னல் ஓரம் இடம் கொடுத்திருக்கிறார்.

“புள்ள ஸ்கூலுக்குப் போவ மாட்டேங்குது. வூட்லயே குந்திக்கினு கீது. ஐடி கார்ட பல்லால கடிச்சி வச்சிருக்கு.”

இந்த இடத்தில் ஒரு மனிதன் என்ன சொல்ல வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியவில்லை. ஸ்டிக்கரை அவ்வளவு கெட்டியாகவா ஒட்டினார்கள் என்று கேட்டேன். வாய் அப்படிப் பழகிவிட்டது. கட் பண்ணிவிடுவாள் என்று நினைத்தேன். பண்ணவில்லை. குரல் இறங்கிப்போய்ச் சொன்னாள்.

“ரெண்டு வருசமா நீ சி ஷிப்ட்டு. தெரியுமா உனுக்கு? எனக்கே இப்பதான் தெரியும்.”

5

நம் பக்கத்தில் சி ஷிப்ட் அப்பாவை யாரும் பார்க்க முடியாது. இரவில் பஸ் ஏறிப் போவார். பிள்ளை பள்ளிக்குக் கிளம்பும்போது வந்து படுப்பார். பிள்ளை திரும்பி வந்து டியூஷனுக்குப் போய்விட்டு வருவதற்குள் மறுபடி கிளம்பிவிடுவார். பெற்றோர் கூட்டத்துக்கு வரமாட்டார், ஆண்டு விழாவுக்கு வரமாட்டார். ஏன் என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். அந்த வகுப்பில் அப்படி உண்மையாகவே பல அப்பாக்கள் இருந்தார்கள். அவர்களோடு ஒருவனாக என்னையும் சேர்த்துவிட்டிருக்கிறாள் என் மகள். அப்பா வெளிநாட்டில் என்றுகூடச் சொல்லவில்லை. வெளிநாடு என்றால் எப்போது வருவார் என்று கேட்பார்கள். சி ஷிப்ட் என்றால் வீட்டிலேயே இருக்கிறார் என்று ஆகிவிடுகிறது.

ஆவுடையம்மாள் டீச்சர் போனில் மீதியைச் சொன்னார். வாரத்தில் ஓரிரு நாள் தர்ஷினி டிபன் டப்பாவில் ஒரு பன் கொண்டுவருவாளாம். காகிதத்தில் சுற்றிய பன். எங்கப்பாவுக்கு நைட் கேன்டீனில் கொடுத்தது, சாப்பிடாமல் எனக்கு எடுத்து வந்தார் என்று தோழிகளுக்குப் பிய்த்துக் கொடுப்பாளாம்.

அந்தப் பன் கட்டுக்கதை இல்லை. அவள் பாலர் வகுப்பில் இருந்தபோது நான் நிஜமாகவே சி ஷிப்ட். விடியற்காலை டீயோடு கொடுக்கும் பன்னை யூனிபார்ம் பாக்கெட்டில் வைத்து நசுக்கிக்கொண்டு வருவேன். அவள் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் படுப்பேன். அதை நான் மறந்தே போயிருந்தேன். மகேஸ்வரிக்கும் தெரியாமல், கைக்காசில் பேக்கரியில் பன் வாங்கி, காகிதத்தில் சுற்றி, லேசாக நசுக்கி, இரண்டு வருடமாக என்னை அந்த ஊரில் உயிரோடு வைத்திருந்திருக்கிறாள். டை கட்டிக்கொண்டு வந்து நான் அந்த ஆளைக் கொன்றுவிட்டேன்.

அன்றே கிளம்பியிருக்க வேண்டும். கிளம்ப முடியவில்லை. அட்டை புதுப்பிப்பில் இருந்தது. அது கைக்கு வராமல் போனால் திரும்பி வருவதில் சிக்கல், வேலையும் போகலாம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாளிடம் கைபேசி மொழிபெயர்ப்பில் கெஞ்சினேன். மகள் பள்ளிக்குப் போவதில்லை, நான்தான் காரணம் என்று. அவர் படித்தார், என்னைப் பார்த்தார், காத்திருங்கள் என்றார். காத்திருந்தேன். நாள்தோறும் கியர்பாக்ஸ்களுக்கு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டு காத்திருந்தேன்.

6

போய்ச் சேர்ந்தபோது ஊரில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. பள்ளி விட்டு வேன்கள் போன பிறகு ஆசிரியர் அறையில் எங்களுக்குக் கூட்டம். இந்த முறை டை இல்லை, படம் காட்ட எதுவும் இல்லை. எஸ்தர் மேடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டேன். கொஞ்ச நேரம் இருவரும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டோம். பிறகு அவர் ஒரு யோசனை சொன்னார். வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஸ்மைலி ஒட்டிவிட்டால் என்ன? எல்லாவற்றிலும் ஒட்டினால் ஸ்டிக்கருக்கு அர்த்தமே போய்விடும், தொழிற்சாலைக் கணக்கிலும் அது சரி என்று எனக்கு உற்சாகம் வந்தது.

ஆவுடையம்மாள் கூடாது என்று தலையை ஆட்டினார். “இனிம ஒட்டுனா, எதுக்கு ஒட்டுதோம்னு வகுப்பு பூரா கேக்கும் மேடம். திரும்பவும் அந்தப் பிள்ள பேருதான் வரும்.”

அதன் பிறகு ஒவ்வொரு டீச்சராகத் தங்கள் கதையைச் சொன்னார்கள். நான் எதுவும் கற்றுக்கொடுக்கவில்லை. ஒருவர், அப்பா கையெழுத்து இல்லாத ரேங்க் கார்டைத் திருப்பியனுப்பி, அந்தப் பையன் தானே போட்டு வந்த கையெழுத்துக்காக அவனை வெளியே நிற்க வைத்தவர். இன்னொருவர், ‘என் குடும்பம்’ என்று படம் வரையச் சொல்லி, அம்மாவை ஒரு தாளிலும் அப்பாவை இன்னொரு தாளிலும் வரைந்த பெண்ணிடம் தாளை வீணாக்காதே என்று சொன்னவர். சொல்லும்போது முதலில் சிரித்தார்கள். பிறகு சிரிக்கவில்லை. பி.எட். பாடத்தில் இதைப் பற்றி ஒரே ஒரு பத்தி இருந்ததாகவும், பரீட்சைக்கு வராது என்று அதையும் விட்டுவிட்டதாகவும் ஆவுடையம்மாள் சொன்னார்.

“கிளாஸ்ல பிள்ள திடீர்னு அழுதா நாங்க என்ன செய்யணும் சார்? அத மட்டும் சொல்லிட்டுப் போங்க.”

வேலையில் எந்தக் கேள்விக்கும் நான் பதில் இல்லை என்று சொன்னதில்லை. தெரியாவிட்டால் ஒரு ஜோக்காவது வரும். அன்று தெரியாது டீச்சர் என்றேன். என் பிள்ளை அழுது நான் பார்த்தே பல வருடம் ஆகிவிட்டது என்றேன்.

அன்று அவர்களாகவே சில விஷயங்களை முடிவு செய்தார்கள். அப்பாவைக் கூட்டிவா என்று சொல்லாமல் வீட்டிலிருந்து யாராவது வரட்டும் என்பது. எதுவானாலும் வகுப்பின் முன்னால் கேட்காமல் இருப்பது. அட்டையில், குழுவில், படத்தில் எந்தப் பிள்ளையின் வீட்டு விஷயத்தையும் போடாமல் இருப்பது. அழுதால் தண்ணீர் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் சும்மா இருப்பது. ஒரு மணி நேரப் பயிற்சியில் நான் சொன்னதைவிட இது நன்றாக இருந்தது. ஆனால் என் மகளின் இருக்கை காலியாகத்தான் இருந்தது. கிளம்பும்போது ஆவுடையம்மாள் வாசல்வரை வந்தார்.

“ஒட்டுததுக்கு முன்னால அவகிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கணும் சார். நானும் கேக்கல, நீங்களும் கேக்கல.”

7

மறுநாள் மதியம் மகேஸ்வரி வீட்டுக்குப் போனேன். இரண்டு மணி ஷிப்டுக்கு யூனிபார்மோடு தயாராக நின்றாள். தர்ஷினி அறைக்குள் தாழ் போட்டுக்கொண்டிருந்தாள். மகேஸ்வரி கதவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மணியைப் பார்த்தாள். “எனக்கு பஸ் வந்துடும். குந்து. வெளிய வந்தா பேசு. வரலன்னா கதவ இழுத்து சாத்திக்கினு போ” என்று சொல்லிவிட்டுப் போனாள். பழைய நாட்களில் சாவி கைமாறிய மாதிரியேதான் இருந்தது.

மூடிய கதவிடம் பேசினேன். மன்னிப்பு கேட்டேன். அது சரியாக வரவில்லை. கண்ணாடி அம்மாள் ‘நோ’ சொன்ன கதையைச் சொன்னேன். கல்யாண மண்டபங்களில் கைதட்டு வாங்கிய கதையெல்லாம் சொன்னேன். நெடுநேரம் கழித்துக் கதவு திறந்தது. தண்ணீர் பாட்டிலோடு வந்தாள். என் தோள் உயரத்துக்கு வளர்ந்திருந்தாள். வீடியோவில் உயரம் தெரிவதில்லை. பாட்டிலை நிரப்பிக்கொண்டே கேட்டாள்.

“என் கிளாஸ் நிவேதா வூட்டுக்கு வந்து கேட்டா, உங்கப்பா சி ஷிப்ட்டுன்னு சொன்னது பொய்யான்னு. நான் இன்னா சொல்லணும்? உன் டிரெய்னிங்ல அது வந்துச்சா?”

பதில் வரும்வரை அவள் நிற்கவில்லை. தாழ் விழுந்தது.

வரும் வழியில் நான் ஒரு பன் வாங்கிக் காகிதத்தில் சுற்றி வைத்திருந்தேன். முட்டாள்தனம் என்று தெரியும். இருந்தாலும் ஒரு தட்டில் வைத்து அந்தக் கதவுக்கு முன்னால் வைத்துவிட்டு, வெளிக்கதவை இழுத்துச் சாத்திவிட்டு வந்தேன். ஸ்ரீபெரும்புதூரில் லாட்ஜ் அறை. விடிந்ததும் மகேஸ்வரியைக் கூப்பிட்டேன். நலம் விசாரிப்பது போல ஆரம்பித்து, தட்டு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். காலியாக இருக்கிறது என்றாள். எழுந்து உட்கார்ந்துவிட்டேன். கண்ணாடியில் பார்த்தால் அசல் பைத்தியக்காரச் சிரிப்பு.

“நாந்தான் துன்னேன்” என்றாள் மகேஸ்வரி. “ஷிப்ட் முடிஞ்சி வந்தனா, பசி.”

8

விடுமுறை முடிந்து திரும்பி வந்துவிட்டேன். பரீட்சையை மட்டும் ஆவுடையம்மாள் டீச்சர் தன் பக்கத்தில் தனி அறையில் உட்காரவைத்து எழுத வைத்தார். அதற்கு மேல் அந்தப் பள்ளிக்கு வரமாட்டேன் என்று தர்ஷினி சொல்லிவிட்டாள். வாலாஜாபாத்தில் ஒரு பள்ளி பார்த்திருக்கிறார்கள். வேனில் தூரம் அதிகம், தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. அதற்காகத்தான் அந்தப் பள்ளியாம். ஞாயிற்றுக்கிழமை கால்கள் நின்றுபோய்விட்டன. அந்த ‘ம்’ எவ்வளவு பெரிய பேச்சு என்று இப்போது தெரிகிறது.

பிள்ளைகள் மனம் பற்றிக் கற்றுக்கொடுக்க ஆள் தேவை என்று யாராவது உங்கள் குழுவில் செய்தி போட்டால், நல்ல படிப்பு படித்த ஒருவரைக் கூப்பிடுங்கள். எவ்வளவு தூரத்திலிருந்து வந்தாலும் பரவாயில்லை. என்னைப் போல வாய் நீளமானவன் கையைத் தூக்கினால் தயவுசெய்து இறக்கிவிடுங்கள்.

இன்று கழிப்பறையிலிருந்து வெளியே வந்து, முகம் கழுவி, அந்தப் புதுப் பெண்ணிடம் சரியாகத்தான் ஒட்டியிருக்கிறாய் என்று சொன்னேன். மதிய இடைவேளையில் தர்ஷினிக்கு ஒரு செய்தி எழுதினேன். எழுதி அழித்து, மறுபடி எழுதினேன். இந்த முறை அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எதுவும் செய்வது என்று. புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் அன்றைக்கு அப்பா வரட்டுமா, டீச்சரிடம் ஒரு வார்த்தை பேச மாட்டேன், ஓரமாக நிற்கிறேன், ஜோக் அடிக்க மாட்டேன், சத்தியமாக. டிக்கெட்டுக்கு லீவு கேட்டு வைக்கவா?

நீலக்கோடுகள் வந்தன. நான் இந்தக் குறிப்பை எழுத உட்கார்ந்தேன். இதோ, இப்போதுதான் பதில் வந்தது.

“நீ வராத. சி ஷிப்ட்டுன்னு சொல்லிக்கிறேன்.”